சென்னைக்கு மட்டும் தனிக் காவல் சட்டம் வந்தது எப்படி?

கேள்வி – வேப்பமரத்தடி:
எங்கள் நலச்சங்கத்தின் பேரணிக்கு அனுமதி கேட்டபோது கைக்கு வந்த கடிதத்தில், ‘சென்னை மாநகரக் காவல் சட்டம், பிரிவு 41’ என்று குறிப்பிடப்பட்டிருந்தது. மாவட்டங்களில் 144 தடை உத்தரவு என்றால் ஆட்சியரோ கோட்டாட்சியரோ பிறப்பிப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே அந்த அதிகாரம் காவல் ஆணையரிடம் வந்து சேர்ந்தது எப்படி? நகரக் காவல்துறையின் பொறுப்பு மெரினா மணலோடு முடிந்துவிடுகிறதா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1 – பழஞ்சுவடி:
கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனியார்) காலத்தின் தொடக்கத்தில், கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தின் காவல் பெத்த நாயக்கர் என்ற பரம்பரைக் காவல் தலைவரிடம் இருந்தது. பெத்தநாயக்கன்பேட்டை என்ற பெயர் அவரால் வந்ததே. சரக்குகளின் மீது வசூலாகும் சிறு தீர்வைகள் அவருக்கு வருமானம். களவு போன பொருள் கிடைக்காவிட்டால் அதன் மதிப்பை அவரே ஈடுகட்ட வேண்டும். (இன்று அப்படியொரு விதி இருந்தால் எத்தனை பேர் அந்த வேலைக்கு வருவார்கள் என்பது வேறு கதை.)

நீங்கள் கேட்கும் வேறுபாடு 1850-களில் உருவானது. கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று துறைமுக நகரங்களுக்கும் பொதுவாக 1856-ல் ஒரு காவல் சட்டம் வந்து, காவல் தலைவரிடமே நடுவர் (மாஜிஸ்திரேட்) அதிகாரமும் இருக்கும் ஆணையர் முறை நிலைபெற்றது. வெளி மாவட்டங்களிலோ வரி வசூலிப்பவர்களிடமே காவல் அதிகாரமும் இருந்ததால் நடந்த கொடுமைகளை 1855-ல் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை அம்பலப்படுத்தியது. அதையடுத்து 1859-ல் அவற்றுக்கு வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. அங்கே காவல் பணி தனித் துறையானாலும், தடை உத்தரவு பிறப்பிப்பது போன்ற நடுவர் அதிகாரம் ஆட்சியரிடமே தங்கிவிட்டது. உங்கள் கடிதத்தில் உள்ளது 1888-ம் ஆண்டின் நகரச் சட்டம். எழும்பூரில் அருங்காட்சியகமாக 2021-ல் திறக்கப்பட்ட பழைய ஆணையர் அலுவலகத்தை ஒருமுறை பார்த்து வாருங்கள்.

மறுமொழி 2 – வழக்காடி:
பழஞ்சுவடி ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிரிவு 41-ன் கீழ் ஆணையர் பிறப்பிக்கும் தடையாணை, அரசின் ஒப்புதல் இல்லாமல் 15 நாட்களுக்கு மேல் செல்லாது. பேரணி, கூட்டங்களுக்கான தடை அறிவிப்பு மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்படுவதற்குக் காரணம் இதுதான். ஆனால் காவல்துறையிடம் நடுவர் அதிகாரம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எல்லை உண்டு. நன்னடத்தைப் பிணை (இனி ஒழுங்காக நடப்பேன் என்ற உறுதிப் பத்திரம்) வாங்கும் நிர்வாக நடுவர் அதிகாரத்தைத் துணை ஆணையர்களுக்கு வழங்கிய அரசாணைகளை 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிடிப்பவரே பிணையும் கேட்டு, அதை மீறியதாகச் சொல்லிச் சிறைக்கும் அனுப்புவது முறையல்ல என்பதே என் கருத்தும்.

மறுமொழி 3 – கட்டுமரம்:
கடலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மணலில் ரோந்து செல்வது நகரக் காவலர்கள். அவர்களுடைய குதிரைப்படை புதுப்பேட்டையில் இருக்கிறது. தண்ணீருக்குள், கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மாநிலக் காவல்துறைக்கு அதிகாரம் உண்டென்றாலும், அங்கே படகில் போவது 1994-ல் தமிழகக் காவல்துறையில் அமைக்கப்பட்ட கடலோரப் பாதுகாப்புக் குழுமம். அதற்கு அப்பால் கடலோரக் காவல்படையும் கடற்படையும் பார்த்துக்கொள்கின்றன. அடையாளம் தெரியாத படகு கண்ணில் பட்டால், மீனவர்கள் அழைக்க வேண்டிய எண் 1093.