கொழும்பு வெள்ளவத்தை மொட்டைமாடியில் முந்திரிகை (திராட்சை) வற்றல் போடலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து வந்த முந்திரிகைப் பழங்களைக் கழுவிச் சுளகில் பரப்பி, ஐந்து நாட்கள் வெயிலில் வைத்தேன். தோல் சுருங்குமுன்பே காம்படியில் வெண்பூஞ்சணம் பிடித்துவிட்டது. எங்கே பிழைத்தது?

பதில் 1: கொழும்பின் ஈரக் கடற்காற்றே காரணம். பழத்தோலின் மேலுள்ள மெழுகுப் படலம் உள்ளிருக்கும் நீரை எளிதில் வெளியேற விடாது என்பதால், கலிபோர்னியாவின் வறண்ட வெயிலில் கொடிகளுக்கிடையே காகிதத்தில் பரப்பினாலும் இரண்டு மூன்று கிழமைகள் எடுக்கும். அந்தப் படலம் நீரை எளிதில் வெளியேற விடுவதற்காகவே துருக்கியில் பொட்டாசியம் காபனேற்றும் ஒலிவ் எண்ணெயும் கலந்த நீரில் பழங்களைத் தோய்க்கிறார்கள். நீங்கள் கொதிநீரில் சில விநாடிகள் அமிழ்த்தியெடுத்து, ஈரம் துடைத்து, அவணில் 60 பாகை அளவில், கதவைச் சற்றுத் திறந்து வைத்து உலர்த்துங்கள். நான்கு கிலோ பழத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வற்றலே தேறும். அதிலும் எங்கள் கறுத்தப் பழத்தில் விதை இருக்கும்.

பதில் 2: பொன்னிற வற்றலுக்குக் கந்தகவீரொட்சைட்டுப் புகையூட்டுவார்கள். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் கறுத்ததையே வாங்குங்கள் ஐயா.

பதில் 3: சர்க்கரைப் புக்கைக்கு நெய்யில் பொரிக்கும்போது, கஜு பொன்னிறமான பிறகே பிளம்ஸை (முந்திரிகை வற்றலை) போடுங்கள். பந்துபோல் உப்பியவுடன் இறக்காவிட்டால் கருகிக் கசந்துவிடும்.