ஊழிய வேனும் வீட்டுப் பிள்ளைகளும்: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கேள்வி (சுங்கை சிப்புட், பேராக்)

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஊழியக் குடும்பங்கள் பல பேர் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

நாங்கள் கிள்ளானிலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். என் வீட்டுக்காரர் தொழிற்சாலை வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்தார். அனுப்பிய சபை மாதம் ஒரு தொகை தருகிறது, போதாததற்கு நான் தையல் எடுக்கிறேன். ஆராதனை ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் நடக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டம் கைமாறியபோது வெளியேறி, தாமானில் மலிவு வீடு வாங்கியவர்கள். மற்றவர்கள் இன்னும் செம்பனைத் தோட்டத்து லயத்தில்தான், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில்தான் இருக்கிறார்கள். லயத்தில் இப்போது இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும்தான் அதிகம். நம்மவர்கள் என்று பார்த்தால், பிள்ளைகள் ஷா ஆலாம், சிங்கப்பூர் என்று போய்விட, தனியாக இருக்கும் வயசாளிகள். பால் மரம் வெட்டின கைகள். பஸ் அங்கே உள்ளே வராது. அவர்களுக்கு எங்கள் பழைய வேன்தான் கதி.

ஞாயிறு காலை ஆறரைக்கே அவர் கிளம்பிவிடுவார். வாரத்தில் மற்ற நாட்களும் வேன் நிற்பதில்லை. ஒரு பெரியவருக்கு ஈப்போவில் டயாலிசிஸ், வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அப்புறம் பிரசவம், துக்க வீடு, போலீஸ் ஸ்டேஷன், அடையாள அட்டை தொலைந்தால் பதிவு இலாகா. சபைக்கு வராதவர்களும் கூப்பிடுகிறார்கள். யாரையும் அவர் எந்தக் கோயில் என்று கேட்டதில்லை. அதனால்தான் இந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் வீட்டில் மகன் படிவம் ஐந்து, இந்த வருஷம் எஸ்பிஎம், பள்ளி இறுதித் தேர்வு. மகள் தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டு. மகனின் பள்ளியில் பெற்றோர் சந்திப்புக்குக் கட்டாயம் வருகிறேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அன்றைக்கு ஒரு தோட்டத்தில் சாவு. போகாமல் எப்படி இருப்பது? சாயங்காலம் மகன் என்னிடம் கேட்டான்: "அம்மா, அப்பாவைப் பார்க்கணும்னா நானும் கேட்டுக்கு வெளியே நின்னு 'பாஸ்டர்'னு கூப்பிடணுமா?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அவருக்கு ஓய்வு நாள் திங்கட்கிழமை. பிள்ளைகள் அன்று பள்ளியில். டயாலிசிஸும் திங்கள், புதன், வெள்ளி. சனிக்கிழமை என்றால் வாலிபர் கூட்டம். எந்தப் பக்கம் இழுத்தாலும் துணி பற்றவில்லை. கதவைச் சாத்தவும் மனசு வராது, பிள்ளையை இழக்கவும் முடியாது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1 (குளுவாங், ஜொகூர்)

சிஸ்டர், நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன், எங்கள் சபையில் உதவிக்காரன். வேன் விஷயம் மட்டும் பேசுகிறேன்.

ஞாயிறன்று பள்ளி வேன்கள் சும்மாதான் நிற்கும். உங்கள் ஊரில் நம் ஆள் ஒருவர் கட்டாயம் ஓட்டிக்கொண்டிருப்பார். எண்ணெய்க் காசோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் காலையில் ஒரு சுற்று வருவார். பெர்மிட்டும் காப்புறுதியும் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். செலவைக் காணிக்கையிலிருந்து கொடுங்கள், பாஸ்டர் கையிலிருந்து வேண்டாம்.

இன்னொன்று. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஒரே நடையில் அடைத்துக்கொண்டு வருவதைப் பல சபைகளில் பார்க்கிறேன். பின்னிருக்கைக்கும் பெல்ட் கட்டாயம் என்று 2009-லேயே சட்டம் வந்துவிட்டது. ரெண்டு நடை போகட்டும். ஆராதனை கால் மணி நேரம் தள்ளித் தொடங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

ராத்திரியில் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி என்றால் 999-க்கு அடிக்கச் சொல்லிக்கொடுங்கள். தோட்டத்து ஆட்கள் அடிக்க மாட்டார்கள், மலாயில் பேசக் கூச்சம், வழி சொல்லத் தெரியாது. ஒவ்வொரு லயத்திலும் ஒரு வாலிபப் பிள்ளையைப் பழக்குங்கள். ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் இருக்கும், உங்கள் வேனில் இருக்காது.


பதில் 2 (தெலுக் இந்தான், பேராக்)

தங்கச்சி, நான் ஓய்வுபெற்ற மெதடிஸ்ட் போதகரின் மனைவி. எங்கள் காலத்தில் ஆண்டுக் கூட்டத்தில் எந்தப் போதகர் எந்த ஊருக்கு என்று நியமனம் வாசிப்பார்கள், அடுத்த ஜனவரியில் பிள்ளைகளுக்குப் புதுப் பள்ளி. பெட்டி கட்டியே என் கை காய்த்துப்போனது. உன் கஷ்டம் எனக்குத் தெரியும்.

யாத்திராகமம் 18-ஐ உன் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து படி. மாமனார் எத்திரோ வந்து, "நீ தனியாகச் சுமக்காதே, ஆட்களை ஏற்படுத்து" என்று மோசேக்குச் சொன்னதைத்தான் எல்லாரும் பிரசங்கிப்பார்கள். அந்த அதிகாரத்தின் தொடக்கத்தைப் பார். மோசே திருப்பி அனுப்பியிருந்த சிப்போராளையும், கெர்சோம், எலியேசர் என்ற ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான் அந்த மாமனார் வனாந்தரத்துக்கு வருகிறார். பெண்டாட்டி பிள்ளைகளை முதலில் கொண்டுவந்து சேர்த்தார், ஆலோசனை அதற்குப் பிறகுதான். இதைப் பற்றிப் பிரசங்கம் நான் ஒன்றுகூடக் கேட்டதில்லை.

அதனால் இதை நீ தனியாகத் தூக்காதே. சபைக் கமிட்டியில் வைக்கச் சொல். அவர் வாயால் சொல்ல வேண்டும்: இந்த நாள், இந்த நேரம் என் பிள்ளைகளுடையது, அவசரமென்றால் இன்னாரைக் கூப்பிடுங்கள். நீ கேட்டில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்பினால், "பாஸ்டரம்மா கல்நெஞ்சுக்காரி" என்ற பேர்தான் மிஞ்சும்.

டயாலிசிஸ் பெரியவர் பெர்கேசோவில், அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில், சந்தா கட்டினவரா என்று விசாரி. அவர்கள் டயாலிசிஸ் செலவு பார்க்கிறார்கள். பக்கத்தில் கோலகங்சாரில் இடம் கிடைக்குமா என்றும் கேட்டுப்பார்.


பதில் 3 (பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்)

அக்கா, நான் பாஸ்டர் மகள். இந்த ஊரை பத்தாங் பெர்ஜுந்தை என்று சொன்ன காலத்தில் அப்பா இங்கே ஊழியம் செய்தார். உங்கள் மகன் கேட்டதைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுத முடியவில்லை.

அப்பா வீட்டில் இல்லாததைவிட என்னைச் சுட்டது வேறு. எதைக் கேட்டாலும் "கர்த்தருடைய வேலை இருக்கு" என்பார். அப்பாவோடு நான் சண்டை போடலாம், கர்த்தரோடு பன்னிரண்டு வயதுப் பிள்ளை எப்படிச் சண்டை போடும்? வாயை மூடிக்கொண்டேன். வேலைக்குப் போனதும் கொஞ்ச காலம் எந்தச் சபைக்கும் போகாமல் இருந்தேன். இப்போது போகிறேன், அது வேறு கதை.

அதனால் தயவுசெய்து பிள்ளையிடம் காரணத்தைச் சொல்லுங்கள். "இன்ன தாத்தா இறந்துட்டார், அவர் பிள்ளைகள் வந்து சேர ராத்திரி ஆகும், அதுவரைக்கும் ஆயா தனியா இருப்பாங்க, அதான் போறேன்." இப்படிச் சொன்னால் பிள்ளைக்குப் புரியும். "நீ வரச் சொன்ன இடத்துக்கு என்னால் வர முடியலை, வருத்தமா இருக்கு" என்று அப்பா தன் வாயால் சொல்லட்டும். பள்ளிக்கும் வேறொரு நாள் கேட்டுப் போகட்டும், வகுப்பு ஆசிரியர்கள் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

வேன் கழுவ, நாற்காலி அடுக்க, கித்தார் வாசிக்க என்று இந்த வருஷம் அவனை இழுக்காதீர்கள். அவன் உங்கள் பிள்ளை, உதவி ஊழியன் இல்லை. இன்னும் உங்களிடம் கேட்கிறான் பாருங்கள், நான் கேட்பதை நிறுத்தியிருந்தேன்.


கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. மூன்றாவது பதிலை அவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து மகன் அறைக்குப் போய்விட்டார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கு நாளைக்கு போன் செய்கிறார்.

கமிட்டி வருகிற ஞாயிறு கூடுகிறது. திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்த நேரத்திலிருந்து வேன் சாவி சபைப் பொருளாளர் வீட்டில் இருக்கும். இதை அவரே எழுதிக்கொண்டிருக்கிறார். ஈப்போவுக்கு ஓட்ட லைசென்ஸ் உள்ள ரெண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் ஒருவருக்கு ஷிப்ட் வேலை, எல்லாத் திங்களும் முடியாது.

தெலுக் இந்தான் அக்காவுக்கு: பெரியவர் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர், ஆனால் பழைய சம்பளச் சீட்டு ஒன்றும் கையில் இல்லை. அடையாள அட்டை எண்ணை மட்டும் கொண்டுபோனால் பெர்கேசோ அலுவலகத்தில் தேடிக் கொடுப்பார்களா? அனுபவம் இருந்தால் எழுதுங்கள், புதன்கிழமை ஈப்போ போகும்போது விசாரிக்கச் சொல்கிறேன்.