சின்ன சார்ட்டர் பள்ளியில் ஆறாம் வகுப்பு: தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். சான் ஹோசேயில் இருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். பக்கத்தில் உள்ள ஒரு சின்ன சார்ட்டர் நடுநிலைப் பள்ளியின் சேர்க்கைக் குலுக்கலில் அவள் பெயர் விழுந்திருக்கிறது. சார்ட்டர் என்றால் தனி நிர்வாகம்தான், ஆனால் அரசுப் பணத்தில் நடப்பதால் கட்டணம் கிடையாது. வகுப்புக்கு இரண்டே பிரிவு.

போன வாரம் போய்ப் பார்த்தோம். ஆறாம் வகுப்பு அறை நிறைந்திருந்தது. எட்டாம் வகுப்பில் பின்வரிசை முழுக்கக் காலி, நாற்காலிகளைக் கவிழ்த்து மேசை மேல் வைத்திருந்தார்கள். கலிஃபோர்னியாவில் சராசரி வருகையை வைத்துத்தான் பள்ளிக்குப் பணம் வரும். பிள்ளைகள் இப்படிக் குறைந்தால் பள்ளி எத்தனை நாள் தாங்கும்?

சரி, மாநிலக் கல்வித் துறையின் புள்ளிவிவரத் தளமான டேட்டாகுவெஸ்ட்டில் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அக்டோபர் முதல் புதன்கிழமை எடுக்கும் மாணவர் எண்ணிக்கைக் கணக்கு இருக்கிறது. ஆனால் ‘ஏசியன்’ என்ற ஒரே கட்டத்துக்குள் வியட்நாமியர், சீனர், நாம் எல்லோரும் அடக்கம். தேர்வு முடிவுகளிலோ எங்கு பார்த்தாலும் நட்சத்திரக் குறி. ஒரு மாணவர் குழுவில் பத்துப் பேரோ அதற்குக் குறைவாகவோ எழுதியிருந்தால் மதிப்பெண்ணைக் காட்ட மாட்டார்களாம். சின்னப் பள்ளி என்றால் இந்த வம்பு வேறு!

இப்படிப்பட்ட பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எட்டாம் வகுப்புக்குள் ஏன் விலகுகிறார்கள்? நடுவில் வெளியே வந்தால் வட்டாரப் பள்ளியில் உடனே இடம் தந்தார்களா? அலுவலகத்தில் எந்தக் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும்? என் மகளுக்கோ ஒரே கேள்விதான்: மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது?

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். தனிச்செய்தி அனுப்பினாலும் சரி.