தந்தையின் கண் நீர் அழுத்த நோய்: அனுபவம் உள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். எழுபது வயதைக் கடந்த என் தந்தைக்குக் கண் நீர் அழுத்த நோய், அதாவது கிளாக்கோமா, இருப்பது அண்மையில் உறுதியாகியுள்ளது. வலியோ சிவப்போ இல்லை, செய்தித்தாளையும் தடையின்றிப் படித்துவந்தார்; ஆனால் கதவு நிலையில் இடது தோளை அடிக்கடி இடித்துக்கொள்வார். பக்கப் பார்வை குறுகிவிட்டதே அதற்குக் காரணம் என்பது பார்வைப் புலப் பரிசோதனையில்தான் தெரிந்தது.

பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும் கண் அழுத்தம் அவருக்கு 28 ஆக உள்ளது. சேதமடைந்த பார்வை நரம்பை மீட்க இயலாது, எஞ்சிய பார்வையைக் காப்பதே சிகிச்சையின் நோக்கம் என்று மருத்துவர் விளக்கினார். ஆஸ்துமா இருப்பதால் டிமோலால் சொட்டு மருந்தைத் தவிர்த்து, இரவில் இட வேண்டிய லட்டனோபிராஸ்ட் மருந்தை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

கை நடுக்கத்தால் தந்தையால் தாமே மருந்து இட முடிவதில்லை. பாதி கன்னத்தில் வழிந்துவிடுகிறது. முதியவர்கள் தனியே மருந்து இட உதவும் கருவியையோ எளிய முறையையோ பயன்படுத்தியவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள். லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள், அழுத்தம் எவ்வளவு காலம் கட்டுக்குள் இருந்தது, பிறகு மீண்டும் சொட்டு மருந்து தேவைப்பட்டதா என்பதையும் எழுதினால், அடுத்த முறை மருத்துவரிடம் கலந்து பேசப் பெரிதும் உதவும். தேன், வெங்காயச் சாறு போன்றவற்றைக் கண்ணில் விடும் யோசனைகளை மட்டும் அன்புகூர்ந்து தவிர்க்கவும்.