நீண்ட நாள் நின்ற ஸ்பின்டிலைச் சூடேற்றும் முறை பற்றி உதவி தேவை

உறவுகளே, வணக்கம். கிளிநொச்சியில் முதிரை, பாலைக் கதவுகளுக்குப் பூவேலை வெட்டும் என் இயந்திரத்தில், நிமிடத்துக்கு 24,000 சுற்று ஓடும் ஸ்பின்டிலை (வெட்டும் அலகைப் பிடித்துச் சுழற்றும் பகுதி), மழையால் 10 நாள் நின்றபின் நேரே முழு வேகத்தில் ஓட்டியதால், இப்போது முன்பக்கப் பெயாரிங்கில் மெல்லிய சீறல் கேட்கிறது. அலகு பூட்டும் மூக்குப் பகுதியில் கைவைக்க முடியாத சூடும் ஏறுகிறது. உள்ளே சுழலும் தண்டு வெளி உறையைவிட விரைவாகச் சூடாகி விரிவதால் பெயாரிங் குண்டுகள் நெருக்கப்படும் என்பதையும், ஒதுங்கிக் கிடந்த கிறீஸ் மெதுவாகச் சுழன்றால்தான் சீராகப் பரவும் என்பதையும் பிந்தியே அறிந்தேன். இப்போது காலையில் 6,000, 12,000, 18,000 என ஒவ்வொன்றிலும் 5 நிமிடம் சுமையின்றி ஓட்டுகிறேன். இது போதுமா? கிறீஸை மேலும் திணிப்பது சூட்டைக் கூட்டும் என்பதால் அதைத் தொடவில்லை. மாற்றத்தான் வேண்டுமெனில், பெயாரிங் சோடியைத் தூசி படாமல், திசை மாறாமல் பொருத்தித் தரக்கூடியவர் வன்னியில் இருந்தால் தயவுசெய்து அறியத்தாருங்கள்.