ஸ்டார் ட்ரெக் யூனிஃபார்ம்: வேற கப்பல் கேப்டனுக்கு வேற சின்னமா, இல்ல எல்லாருக்கும் ஒண்ணேவா?

கொலுசுப்பட்டறை:
எல்லாருக்கும் வணக்கம். சேலம் செவ்வாப்பேட்டைல இருந்து எழுதுறேன். எங்க காலேஜ் ஃபெஸ்ட்டுக்கு நாங்க அஞ்சு பேரு ஸ்டார் ட்ரெக் டிரெஸ்ல ஸ்டேஜ் ஏறப் போறோம், 1966ல வந்த பழைய விண்வெளி டிவி சீரியல் டிரெஸ்தான். மாமா கொலுசுப் பட்டறை வச்சிருக்காரு, நெஞ்சுல இருக்குற அம்பு முனை சின்னத்தை வெள்ளித் தகட்டுல வெட்டித் தர்றேன்னு சொல்லிட்டாரு. இப்ப சிக்கல் என்னன்னா ஒருத்தன் கதையோட முக்கியக் கப்பலான எண்டர்பிரைஸ் ஆளா வரமாட்டானாம், எக்ஸெட்டர் கப்பல் கேப்டன் ட்ரேசியாத்தான் வருவானாம், ட்ரேசி சட்டைல நீளச் சதுரமா வேற ஒரு சின்னம் இருக்கு, அதேதான் வேணும்னு நிக்குறான். இன்னொருத்தன் அதெல்லாம் இல்ல, ஸ்டார்ஃப்ளீட்ங்கற அந்த விண்வெளிப் படை முழுக்க அம்பு முனைதான்னு சண்டைக்கு வர்றான். ரெண்டு பேரும் சரியா பேசிக்கிறது கூட இல்ல. தகட்டை வெட்டிட்டா வெட்டுனதுதான், அதுக்குள்ள தெரிஞ்சவங்க சொல்லுங்க. அப்புறம் டாக்டருக்கும் சயின்ஸ் ஆபீசருக்கும் உள்ள போடுற குறி ஒண்ணா, வேறயா?

நாலுரோடு வாசி:
உன் ட்ரேசி ஃப்ரெண்டு சொல்றதுதான் சரி தம்பி. கப்பலுக்குக் கப்பல் சின்னம் வேற, அதை நம்ம கண்ணாலயே பாக்குறோமே. கான்ஸ்டலேஷன் கப்பல்ல தனியா மாட்டிக்கிட்டு வர்ற கமடோர் டெக்கர் சட்டையப் பாரு, அம்பு முனை கிடையாது. சார்லிங்கற பையனைக் கொண்டு வந்து விடுற அன்டாரெஸ் கப்பல் ஆளுங்களுக்கும் வேற. எக்ஸெட்டருக்கு நீளச் சதுரம். 2001ல வந்த எண்டர்பிரைஸ்ங்கற இன்னொரு ஸ்டார் ட்ரெக் சீரியல்ல கூட கப்பல் பேட்ச் கைல தச்சிருப்பாங்க, கொலம்பியா கப்பலுக்கு அதோட சொந்த பேட்ச். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு அடையாளம்ங்கறது எவ்ளோ அழகான விஷயம், அதை விட்டுட்டு எல்லாத்துக்கும் ஒரே அம்புன்னா என்ன இருக்கு.

இருபதாவது வளைவு:
ஏற்காட்டுல இருந்து. நாலுரோடு அண்ணா சொன்னதெல்லாம் திரைல இருக்கறதுதான், நான் மறுக்கல. ஆனா அதை வச்சு கப்பலுக்கு ஒரு சின்னம்னு ஒரு சட்டமே இருந்துச்சுன்னு சொல்றதுதான் சரியில்ல. ரொம்ப வருசமா ரசிகர்கள் அப்படித்தான் நம்பிட்டு இருந்தாங்க, அப்புறம் ஒரு பழைய ஆபீஸ் கடிதம் வெளில வந்துச்சு. 1967 டிசம்பர் 18 தேதி போட்டது. தயாரிப்புல இருந்த ராபர்ட் ஜஸ்ட்மன், டிரெஸ் டிசைன் பண்ண வில்லியம் வேர் தைஸுக்கு எழுதினது. ட்ரேசி வர்ற எபிசோடுக்கு புதுச் சின்னம் பண்ணிட்டதைப் பாத்துட்டுத்தான் அந்தக் கடிதமே. ஸ்டார்ஷிப் ஆளுங்க எல்லாருக்கும் எண்டர்பிரைஸ்ல போடுற அதே சின்னந்தான்னு அதுல தெளிவா இருக்கு. அன்டாரெஸ் சரக்குக் கப்பல் மாதிரி, நம்ம மெர்ச்சன்ட் நேவிங்கறோமே அந்த வகை, அதனால அவங்களுக்கு வேற சின்னம் இருந்தா சரிதான்னும் விளக்கம் இருக்கு. ஆனா ட்ரேசி சட்டை புதுச் சின்னத்தோடயே 1968ல ஒளிபரப்பாயிடுச்சு, அதான் நம்ம இன்னைக்கு வரைக்கும் அடிச்சுக்கறோம்.

இன்னும் ஒரு சாட்சி திரைலயே இருக்கு. தோலியன் வலை எபிசோட்ல டிஃபையன்ட்னு வேற ஒரு கப்பல், உள்ள செத்துக் கெடக்குற ஆளுங்க சட்டைல நல்லாப் பாருங்க, எண்டர்பிரைஸோட அதே அம்பு முனை. கப்பலுக்குக் கப்பல் வேறன்னா அது எப்படி?

அதனால என் கருத்து, உன் ஃப்ரெண்டு ட்ரேசியாவே வர்றான்னா நீளச் சதுரத்தையே போடட்டும், அந்த ஆளு திரைல போட்டது அது, அதை மாத்த நமக்கு உரிமை இல்ல. நீங்களா ஒரு கப்பல் பேரு வச்சு கேப்டன் உருவாக்குறீங்கன்னா மட்டும் அம்பு முனைதான். ரெண்டு பேரும் இதுக்காகப் பேசாம இருக்க வேணாம் பா.

உள் குறி பத்தி கேட்டியே, அது கப்பலை சொல்லாது, என்ன வேலைங்கறதை சொல்லும். கமாண்டுக்கு, அதாவது கேப்டன் மாதிரி தலைமை ஆளுங்களுக்கு, ஒரு பக்கம் நீண்ட நட்சத்திரம், சயின்ஸுக்கு வட்டம், இன்ஜினியரிங் செக்யூரிட்டிக்கு சுருண்ட கொக்கி மாதிரி ஒண்ணு. டாக்டர் மெக்காய் சயின்ஸ் பிரிவுலதான் வர்றாரு, நீலச் சட்டை, சயின்ஸ் ஆபீசர் ஸ்பாக்குக்கு இருக்குற அதே வட்டம். நர்ஸ் சேப்பலுக்கு மட்டும் உள்ள சிவப்பு சிலுவை. இதை யாருமே கவனிக்க மாட்டாங்க, நீங்க சரியாப் போட்டீங்கன்னா விசயம் தெரிஞ்சவன் ஒருத்தன் கூட்டத்துல இருந்தாலும் அவன் கண்ணு அங்கதான் போகும்.

அம்மாபேட்டை அக்கா:
தம்பி நான் தையலும் ஆரி வேலையும் பண்றேன், இந்த சீரியல் என் வீட்டுக்காரர் பாக்கறதை நானும் கூட உக்காந்து பாத்துப் பாத்துப் பிடிச்சுப் போச்சு. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், 1966 சட்டைல இருக்கறது உலோகம் இல்ல, துணி பேட்ச். தங்க நிறத் துணி, ஓரத்துலயும் உள் குறிக்கும் கறுப்பு. அதை வெள்ளித் தகட்டுல பண்ணா பாக்க நல்லாருக்கும், ஆனா அந்த சீரியல் மாதிரி இருக்காது. ஆரி போடறவங்க யாருகிட்டயாச்சும் குடுத்தா ஜரிகை நூலால உள்ள நிரப்பி கறுப்பு நூலால சுத்தி ஓட்டித் தந்துருவாங்க, ப்ளவுஸ்ல மாங்கா போடற வேலை தெரிஞ்சவங்களுக்கு இது ஒண்ணுமே இல்ல. தனியா காடாத் துணில போட்டு வெட்டி அப்புறமா சட்டைல இடது நெஞ்சுல தச்சுக்கோங்க, சட்டை மேலயே நேரா போட்டா துணி இழுத்துக்கும்.

கை லேஸ் மறந்துடாதீங்க, ரேங்க்கை சொல்றது அதுதான். கேப்டனுக்கு ரெண்டு முழுக்கோடு, நடுவுல விட்டு விட்டு ஒரு கோடு. கமாண்டர் ஸ்பாக்குக்கு ரெண்டு முழுக்கோடு மட்டும். இன்ஜினியர் ஸ்காட்டிக்கு ஒரு முழுக்கோடு, ஒரு விட்ட கோடு. லெஃப்டினன்டுக்கு ஒண்ணு, என்சைனுக்கு ஒண்ணுமே கிடையாது. விட்ட கோட்டுக்கு லேஸை சின்னச் சின்னத் துண்டா வெட்டி நுனிய மெழுகுவத்தில லேசா காட்டிட்டு தைக்கணும், இல்லன்னா ஸ்டேஜ் ஏறுறதுக்குள்ள பிரிஞ்சுரும்.

கேப்டன் சட்டை கலர்லதான் நெறைய பேரு சண்டை போடுவாங்க, மஞ்சளா பச்சையான்னு. உண்மையான துணி இளம்பச்சை சாயல்தான், செட் லைட்லயும் ஃபிலிம்லயும் தங்க மஞ்சளாத் தெரிஞ்சுருச்சு. பட்டுச்சேலை கடை ட்யூப்லைட்ல ஒரு கலராத் தெரிஞ்சு வாசல் வெயில்ல கொண்டாந்து பாத்தா வேறயா இருக்குமே, அதே கதைதான். எண்டர்பிரைஸ் கேப்டன் கிர்க் சில எபிசோட்ல போடற குறுக்கே மடிச்ச சட்டை பச்சையாவே தெரியும், அது வேற துணி. ஸ்டேஜுக்கு நீங்க மஞ்சளே எடுங்க, ஜனங்க மனசுல பதிஞ்சது அதுதான்.

கொலுசுப்பட்டறை:
அக்கா ரொம்ப நன்றி, துணி பேட்ச்னு எங்க அஞ்சு பேருக்குமே தோணல. ஏற்காடு அண்ணா, அந்தக் கடித விசயத்தை ரெண்டு பேருக்கும் அனுப்பிட்டேன், ட்ரேசிக்கு நீளச் சதுரம்னு முடிவாயிருச்சு. ஆனா மாமா வெள்ளி எடுத்து வச்சுட்டாரு, ரொம்ப ஆசையா இருக்காரு, வேண்டாம்னு சொல்ல மனசு வரல. உலோகத்துலயே வர்ற சின்னம் எதாச்சும் இருக்கா?

இருபதாவது வளைவு:
இருக்கு, அதுவும் மாமா கைக்குன்னே இருக்கு. 1987ல வந்த அடுத்த ஸ்டார் ட்ரெக் சீரியல் நெக்ஸ்ட் ஜெனரேஷன்ல சின்னமே பேசுற கருவி, நெஞ்சுல தட்டிட்டுப் பேசுவாங்க. பின்னாடி தங்க நிறத்துல முட்டை வடிவம், அதுக்கு மேல வெள்ளி அம்பு முனை. அடித்தகட்டை பித்தளைல வெட்டி முலாம் பூசி, மேல வெள்ளி அம்பை கொஞ்சம் புடைப்பா வச்சுப் பத்த வச்சுட்டா அசலா இருக்கும். ஓரத்தை அரத்தால நல்லா ராவிடச் சொல்லு, அந்த நுனி கூர்மையாவே விட்டா சட்டையக் கிழிச்சுரும்.

கழுத்துல பொட்டுப் பொட்டா இருக்கறதுதான் ரேங்க். கேப்டனுக்கு நாலு, கமாண்டருக்கு மூணு, லெஃப்டினன்ட் கமாண்டருக்கு ரெண்டு தங்கப் பொட்டும் உள்ள கறுப்பா ஒரு பொட்டும், லெஃப்டினன்டுக்கு ரெண்டு. கொலுசுக்கு சலங்கை பண்ற பட்டறைல இந்தப் பொட்டெல்லாம் பண்றது பெரிய விசயமே இல்ல.

ஒண்ணு மட்டும் கலந்துராதீங்க. 66ல கேப்டன் மஞ்சள், இன்ஜினியர் சிவப்பு. 87ல அது அப்படியே மாறிருச்சு, கேப்டன் பிக்கார்டுக்கு சிவப்பு, இன்ஜினியருக்கும் செக்யூரிட்டிக்கும் மஞ்சள், சயின்ஸ் மட்டும் கொஞ்சம் பச்சை கலந்த நீலமா நின்னுருச்சு. அந்த வெள்ளி பேட்ஜை கிர்க் சட்டைல குத்திட்டுப் போனா எனக்கு மனசே கேக்காது.

நாலுரோடு வாசி:
கடிதம் பத்தி நான் கேள்விப்படல, ஆனா டெக்கர் சின்னம் திரைல இருக்கற வரைக்கும் எனக்கு கப்பலுக்கு ஒரு சின்னம்தான். மாமாகிட்ட அந்த முட்டை வடிவத்துல எனக்கும் ஒண்ணு சொல்லி வைப்பா, வெள்ளி காசை முன்னாடியே குடுத்துடறேன்.

அம்மாபேட்டை அக்கா:
வெள்ளி கனமா இருக்கும் தம்பி, மெல்லிசு துணில குத்துனா நெஞ்சுல தொங்கிரும். சட்டைக்கு உள்பக்கமா கேன்வாஸ் ஒரு துண்டு வச்சுத் தச்சுட்டு அது மேல பின் குத்துங்க. பின் ஒண்ணு போதாது, ரெண்டா வைக்கச் சொல்லுங்க, ஒண்ணு வச்சா சுத்திக்கும்.