அப்பாவின் நீக்கப்பட்ட வலைப்பூ: பழைய இடுகைகளைத் தேடி எடுக்க வழி உண்டா?

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். அப்பா 2005 முதல் 2008 வரை பிளாக்ஸ்பாட்டில் எழுதிக்கொண்டிருந்தார். வாய்க்கால், வயல், பாட்டி சொன்ன நெல் ரகங்கள், எல்லாம் எங்கள் ஊர் விஷயங்கள்தான். பிறகு அவரே வலைப்பூவை நீக்கிவிட்டார். போன தை மாதம் தவறிவிட்டார். அவருடைய டைரியில் வலைப்பூவின் முகவரி இருக்கிறது. பக்கத்தில் பச்சை மையில், "மாப்பிள்ளைச் சம்பா இடுகைக்கு 41 பின்னூட்டம்!" என்று எழுதியிருக்கிறார். அந்த ஒரு இடுகையாவது எனக்கு வேண்டும்.

தலைப்பைப் போட்டு கூகுளில் தேடினேன், ஒன்றும் வரவில்லை. வலைப்பூக்களைத் தேட உதவிய டெக்னோரட்டி என்ற தளத்தைப் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார். இப்போது அங்கே வலைப்பூத் தேடலே இல்லை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் ஒரே ஒரு நாளின் முகப்புப் பக்கம் மட்டும் வருகிறது, அதில் இந்த இடுகை இல்லை. வலைப்பூக்களை மட்டும் தேடும் பொறி வேறு ஏதாவது இருக்கிறதா?

பழைய பதிவர்:
அப்பாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள், அம்மா. நானும் அந்தக் காலத்து ஆள்தான், தமிழ் வலைப்பூக்களின் இடுகைகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டியில் புது இடுகை வந்துவிட்டதா என்று நாளுக்குப் பத்துமுறை பார்த்தவன்.

டெக்னோரட்டி மாதிரி பெரிய வலைப்பூத் தேடுபொறி இன்று இல்லை. இருந்திருந்தாலும் பழையது கிடைத்திருக்காது. இடுகை போட்டவுடன் வலைப்பூ மென்பொருளே "புதுசு வந்திருக்கிறது" என்று ஒரு தகவல் அனுப்பும். பிங் என்போம். உடனே தேடுபொறி வந்து அந்த வலைப்பூவின் செய்தியோடையை, அதாவது புது இடுகைகளின் பட்டியலை, படித்துக்கொள்ளும். வழக்கமான கூகுள் தேடலில் ஒரு புது இடுகை வர நாள்கணக்கில் ஆன காலத்தில், இங்கே நிமிடங்களில் வந்துவிடும். அதாவது, இன்று யார் என்ன பேசுகிறார்கள் என்பதற்காகக் கட்டிய பொறி அது. யாருக்கு எத்தனை வலைப்பூக்கள் இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்று எண்ணிச் சொன்னதால்தான் உங்கள் அப்பா மாதிரி பதிவர்களுக்கு டெக்னோரட்டி பிடித்தது.

2004 ஜூலையில் டெக்னோரட்டி கணக்கில் 30 லட்சம் வலைப்பூக்கள். 2006 ஜூலை முடிவில் 5 கோடி. 2005 செப்டம்பரில் கூகுளும் வலைப்பூத் தேடல் தொடங்கியது. கூடவே, விளம்பரத்துக்காக இயந்திரம் எழுதிய போலி வலைப்பூக்களும் ஓயாமல் பிங் அனுப்பின. அப்புறம் பேச்சு ஃபேஸ்புக், ட்விட்டர் பக்கம் போய்விட்டது. 2014-இல் டெக்னோரட்டி வலைப்பூத் தேடலையே எடுத்துவிட்டது. எனக்கு இன்றும் ஆறாத இழப்பு அது.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். வேபேக் மெஷினில் முகவரியின் முடிவில் ஒரு சாய்கோடும் நட்சத்திரக் குறியும் போட்டுத் தேடுங்கள். அந்த வலைப்பூவில் சேமித்த எல்லாப் பக்கங்களும் பட்டியலாக வரும். பட்டியலில் தலைப்பைத் தேடாதீர்கள். பிளாக்ஸ்பாட்டை நடத்தும் பிளாக்கர் கொடுக்கும் முகவரியில் தமிழ்த் தலைப்பு வராது. வெறும் "பிளாக்-போஸ்ட்", அதன் பின்னால் ஒரு எண் என்றுதான் ஆங்கிலத்தில் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

கணினிக் களஞ்சியம்:
ஒரு சேர்க்கை. முகவரியில் வருடம், மாதம், "ஆர்க்கைவ்" என்று வரும் பக்கங்களையும் விடாதீர்கள். ஒரே பக்கத்தில் ஒரு மாதத்து இடுகைகள் மொத்தமும் இருக்கும். ஆனால் பின்னூட்டங்களுக்கு இடுகையின் தனிப்பக்கம் வேண்டும்.

வெண்ணாற்றங்கரை:
ஐயா, 63 பக்கங்கள் வந்திருக்கின்றன! கை நடுங்குகிறது. எல்லாவற்றையும் கணினியில் சேமித்தேன். ஆனால் சேமித்ததைத் திறந்தால் தமிழ் இல்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்', மறுபடி அதே 'ஏ' என்று வரிவரியாகப் போகிறது. அழிந்துவிட்டதா?

கணினிக் களஞ்சியம்:
அழியவில்லை, பயப்படாதீர்கள் அக்கா. யூனிகோடு தமிழை யூடிஎஃப்-8 என்ற குறியாக்க முறையில் சேமித்திருக்கிறது, உங்கள் மென்பொருள் அதை மேற்கத்திய எழுத்தாகப் படிக்கிறது. யூனிகோடில் உள்ள ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். அதில் முதல் பைட்தான் அந்தக் கோடு போட்ட 'ஏ'. அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. ஃபயர்ஃபாக்ஸில் திறந்து, 'வியூ' பட்டியில் எழுத்துக் குறியாக்கத்தைச் சரிசெய்யும் கட்டளையை அழுத்துங்கள். அந்தக் கோப்பைத் திருத்தி மீண்டும் சேமித்துவிட வேண்டாம், மூலத்தை அப்படியே வையுங்கள்.

வெண்ணாற்றங்கரை:
வந்துவிட்டது. 2006 மார்ச் இடுகை. மாப்பிள்ளைச் சம்பா வடித்த கஞ்சி இளஞ்சிவப்பாக இருக்கும் என்றும், அதில் உப்புப் போட்டு முதல் டம்ளரை எனக்குத்தான் பாட்டி கொடுப்பாள் என்றும் எழுதியிருக்கிறார். 41 பின்னூட்டமும் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அப்பா தனித்தனியாகப் பதில் சொல்லியிருக்கிறார். படங்கள் மட்டும் வரவில்லை, வெற்றுக் கட்டங்களாக நிற்கின்றன.

பழைய பதிவர்:
பின்னூட்டமிட்டவர்களின் பெயரை அழுத்துங்கள் அம்மா. அது அவரவர் பிளாக்கர் விவரப் பக்கத்துக்கோ வலைப்பூவுக்கோ போகும். அந்த வலைப்பூக்களில் சில இன்னும் உயிரோடு இருக்கலாம். அந்த நாளில் பிடித்த இடுகையைப் படத்தோடு எடுத்துப் போட்டு இணைப்புக் கொடுப்பது வழக்கம். 2006 மார்ச், ஏப்ரல் மாத இடுகைகளை மட்டும் பாருங்கள். பெயர்ப் பட்டியலை இங்கே போட வேண்டாம். எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், பாதியை நான் பார்க்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:
அனுப்பிவிட்டேன் ஐயா. முதல் இருபது பெயர்களை நான் எடுத்துக்கொள்கிறேன்.